நூற்றுக்கு எழுபது, எதில்?

1

ஊரில் இருந்து நம் ஊர்ச் சங்கத்தின் இந்த மலரைப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆவணித் திருவிழாவில் மைக் வைத்து ஓர் அறிவிப்புச் செய்தீர்கள். பெங்களூரில் பட்டறை நடத்தும் நம் ஊர்க்காரர் பட்டறையை ஓசூருக்கு மாற்றுகிறார், அவரிடம் வேலை பார்க்கும் தமிழர்களில் நூற்றுக்கு எழுபது பேர் அவர் பின்னாலேயே தமிழ் மண்ணுக்குத் திரும்புகிறார்கள் என்று. அதைச் சொல்லச் சொன்னவன் நான்தான். சங்கச் செயலாளர் என் பங்காளி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு தின்ற கையோடு அவருக்குப் போன் போட்டு நானே வாக்கியத்தை வாக்கியமாகச் சொன்னேன்.

அதிலிருந்து என் வாட்ஸ்அப்பில் பையன்களின் ஐடிஐ சர்டிபிகேட் வந்து குவிகிறது. ஓசூரில் எந்தத் தெரு, எப்போது திறப்பு விழா என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது என்றே தெரியவில்லை. எழுபது என்ற எண் பொய்யில்லை. இன்றைக்கும் அது எழுபதுதான். ஆனால் நான் சொன்னது உண்மையும் இல்லை. இது எப்படி என்று கேட்டால், எனக்கே பாதிதான் புரிந்திருக்கிறது. புரிந்த பாதியை எழுதுகிறேன்.

2

எழுபதுக்கு முன்னால் அறுபதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பது ஊருக்கே தெரியும். சதவீதம் எனக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. பட்டறைதான் சொல்லித் தந்தது. நூறு பீஸ் அடித்தால் எத்தனை பீஸ் கழிவு, அவ்வளவுதான் சதவீதம். அதை வைத்துத்தான் பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் சொந்த ஷெட் போட்டேன், தகட்டை வெட்டி வளைக்கும் பவர் பிரஸ் வாங்கினேன், வண்டிக் கம்பெனிகளுக்கு பிராக்கெட் அடித்துக் கொடுத்தேன். இன்று ஐம்பது பேர் என்னிடம் கார்டு பஞ்ச் செய்கிறார்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள் என் ஆபீஸில் சேர் கிடைக்காமல் நின்றுகொண்டு பேசியிருக்கிறார்கள். நான் வேண்டுமென்று சேர் போடாமல் இருந்ததில்லை, இருப்பது இரண்டுதான்.

கன்னடமும் யாரும் சொல்லித் தரவில்லை. நாம் ‘ப’ என்பதை அவர்கள் ‘ஹ’ என்பார்கள். பால் என்றால் ஹாலு, பல் என்றால் ஹல்லு, பத்து என்றால் ஹத்து. இந்த ஒரே சூத்திரத்தை வைத்துக் காலம் தள்ளிவிட்டேன். ஒருமுறை லாரிக்காரனிடம் பெட்டியை இறக்கச் சொல்ல ‘ஹெட்டி’ என்றேன். அவன் வண்டிக்குக் கீழே குனிந்து தேடினான். பெட்டிக்குக் கன்னடத்தில் பெட்டிகெ என்றுதான் பெயராம். எல்லா இடத்திலும் ஒரே சூத்திரம் செல்லாது. இந்த விஷயத்தை அன்றைக்கே மனதில் போட்டு வைத்திருக்கலாம்.

பெயர்ப்பலகையில் அறுபது சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்று இங்கே விதி வந்தது. அதைப் பார்த்துப் போக மாநகராட்சியில் இருந்து ஒருவர் வந்தார், தன்மையான மனிதர். நான் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கேட்டேன். அறுபது சரி, எதில் அறுபது? எழுத்துகளின் எண்ணிக்கையிலா, எழுத்தின் உயரத்திலா, பலகையின் பரப்பிலா? அவர் பலகையை அண்ணாந்து பார்த்தார். இந்த ரோட்டில் இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் யஜமான்ரே என்றார். அதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

அப்படி ‘எதில்’ என்று கேட்டவன்தான் எழுபதில் வழுக்கி விழுந்தேன்.

3

ஓசூர் ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். இங்கே என்னை யாரும் துரத்தவில்லை. ஆபீஸ் கவுண்டர்களில் நீட்டுகிற கன்னடத் தாள் மட்டும் எனக்குப் படிக்க வராது. அதற்கு மருமகள் இருக்கிறாள், நிரப்பித் தந்துவிடுவாள். ஆசை வந்தது பேத்தியால். நான் வீட்டுக்குள் நுழைந்தால் "தாத்தா, ஊட்டா ஆய்தா?" என்று கேட்கிறது. சாப்பிட்டாயா என்று அன்பாகத்தான் கேட்கிறது. நான் தமிழில் பதில் சொல்வேன், அதற்குப் புரியும். ஆனால் பதில் கன்னடத்திலோ இங்கிலீஷிலோதான் திரும்பி வரும். பட்டறை ஓசூருக்குப் போனால் வீடும் போகும், பிள்ளை தமிழ்ப் பள்ளிக்குப் போகும், போர்டு நூற்றுக்கு நூறு தமிழில் தொங்கும். இதுதான் என் கணக்கு.

மாநில எல்லையில் அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டி ஒரு ஷெட்டைப் பார்த்து வைத்திருந்தேன். புரோக்கர் என் வாய் வார்த்தைக்குக் காத்திருந்தார். எங்கள் பட்டறையில் எந்தப் பெரிய சேதியையும் ஆயுத பூஜையன்று, பூசணிக்காய் உடைக்கும் முன்னால்தான் நான் சொல்வேன். பட்டறை தொடங்கியதும் ஓர் ஆயுத பூஜையில்தான். இந்த வருஷப் பூஜையில் ஓசூரைச் சொல்லிவிடுவது என்று இருந்தேன்.

என் மகன் சுரேஷ்தான் குறுக்கே கையை நீட்டினான். ஆட்கள் வருவார்களா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஐம்பதில் நாற்பது பேர் தமிழர்கள். நான் கூட்டி வந்தவர்கள், இல்லையென்றால் என் மேஸ்திரி முனுசாமி கூட்டி வந்தவர்கள். அவர்களைப் போய்க் கேட்பதா? ஆனால் அவன் சொன்னதில் ஒன்று உறுத்தியது. பிரஸ்ஸை லாரியில் ஏற்றிவிடலாம். சத்தத்தை வைத்தே டை, அதாவது அச்சு, தேய்ந்துவிட்டது என்று சொல்கிற ஆளை லாரியில் ஏற்ற முடியாது. அவர்கள் வராவிட்டால் ஓசூரில் நிற்கப்போவது வெறும் இரும்பு.

சரி, கேளுங்கள் என்றேன்.

4

கேட்கும் பொறுப்பு மருமகள் சுஷ்மாவுக்கு. அவள் கன்னடப் பெண், மைசூர்ப் பக்கம். மாமனாரை அவர்கள் வழக்கப்படி ‘மாவா’ என்று கூப்பிடுவாள். மற்றபடி என்னிடம் தமிழில்தான் பேசுவாள், எனக்காகவே கற்றுக்கொண்டாள். அவள் கம்பெனியில் அவளுக்கு வேலையே இதுதான். ஆட்களிடம் கேள்வி கேட்டு, வந்த பதிலை எண்ணி, மேலே இருப்பவர்களுக்கு அட்டவணை போட்டுக் காட்டுவது.

போனிலேயே நிரப்புகிற படிவம், மூன்றே கேள்விகள். உங்கள் தாய்மொழி என்ன, எந்தப் பக்கம் குடியிருக்கிறீர்கள், பட்டறை ஓசூருக்குப் போனால் வருவீர்களா. தாய்மொழிக் கேள்வியை வைக்கச் சொன்னவன் நான். குடியிருக்கும் இடத்தை அவளாகச் சேர்த்தாள். எதற்கு இந்த வெட்டிக் கேள்வி என்றேன், இருக்கட்டும் மாவா என்றாள். பெயர் எழுதத் தேவையில்லை என்றும் போட்டிருந்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. பெயர் இல்லாமல் சொல்வது என்ன சொல் என்று கேட்டேன். பெயர் இருந்தால் உங்களுக்குப் பிடித்ததைச் சொல்வார்கள், பெயர் இல்லாவிட்டால் அவர்களுக்குப் பிடித்ததைச் சொல்வார்கள் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். நான்கு கட்டங்கள், ஓரத்தில் மொத்தம். அதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

தமிழ்: வருவேன் 14, வரமாட்டேன் 26, மொத்தம் 40.
கன்னடம்: வருவேன் 6, வரமாட்டேன் 4, மொத்தம் 10.
எல்லாருமாக: வருவேன் 20, வரமாட்டேன் 30, மொத்தம் 50.

என் கண் நேராக ‘வருவேன்’ என்ற பத்திக்குத்தான் போனது. யாருக்குத்தான் போகாது? மேலே பதினாலு, கீழே ஆறு, அடியில் இருபது. பதினாலுக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் எழுபது சதவீதம் என்று கம்ப்யூட்டரே போட்டிருந்தது. தமிழ், வருவேன், எழுபது. மூன்று சொல்லும் ஒரே இடத்தில் இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

"மாவா, ஸ்வல்ப இருங்க, அது மேல இருந்து கீழ படிக்கற எழுபது," என்றாள். நான் அதற்குள் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டேன். பங்காளி ரிங் ஆன உடனே எடுத்தார்.

5

அடுத்த வாரம் சுரேஷ் அதே தாளை அச்செடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தான். ஊரில் மைக்கில் சொன்ன சேதி அவன் காதுக்கும் வந்திருந்தது.

"வரமாட்டேன்னு சொன்னவங்கள்ல தமிழ் எத்தனைன்னு பாத்தீங்களாப்பா? முப்பதுல இருபத்தாறு. எம்பத்தேழு சதவீதம். அதையும் மைக்ல சொல்லச் சொல்லுங்க."

நான் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. எனக்குத் தலை சுற்றியது. வருகிறவர்களிலும் தமிழர்தான் அதிகம், வராதவர்களிலும் தமிழர்தான் அதிகம். ஒரு மனிதன் எத்தனை இடத்தில்தான் நிற்பான்? பஸ்ஸிலும் இருக்கிறான், பஸ் ஸ்டாண்டிலும் இருக்கிறான் என்றால் பஸ் கிளம்பியதா இல்லையா?

சுஷ்மா பேனாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். பொறுமையான பெண். அந்தப் பதினாலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். வருகிறேன் என்று சொன்ன இருபது பேரைக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தி, இவர்களில் தமிழர் எத்தனை என்று கேட்டால் எழுபது சதவீதம். தமிழர் நாற்பது பேரையும் கூப்பிட்டு, உங்களில் எத்தனை பேர் வருகிறீர்கள் என்று கேட்டால் முப்பத்தைந்து சதவீதம். பட்டறை மொத்தத்தையும் நிறுத்தி, தமிழராகவும் இருந்து வருகிறவராகவும் இருப்பவர் எத்தனை என்று கேட்டால் இருபத்தெட்டு.

"பதினாலு ஒண்ணுதானேம்மா," என்றேன். "அதுக்கு எப்படி மூணு சதவீதம் இருக்கும்? ஒரே ஆளுக்கு மூணு ஆதார் கார்டா?"

"பதினாலு ஒண்ணுதான் மாவா. எதால வகுக்கறோம்ங்கறதுதான் மாறுது."

"அப்ப நான் சொன்ன எழுபது தப்பா?"

"தப்பில்ல. அது வேற கேள்விக்குப் பதில்."

இதை எழுதும்போது அவள் சொன்னது எவ்வளவு எளிமை என்று தெரிகிறது. அன்று அது என்னைக் கேலி செய்வதுபோல் இருந்தது. ஊர் முழுக்க மைக்கில் சொன்ன பிறகு, நூற்றுக்கு எழுபது என்பது நூற்றுக்கு முப்பத்தைந்து என்று வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு யாராவது சொன்னால் எப்படி இருக்கும்? பாதிக்குப் பாதி. விலை பேசும்போதுகூட நான் அவ்வளவு இறங்கியதில்லை.

வாய் முந்திக்கொண்டது. "உனக்குப் பெங்களூரை உட்டு வர மனசில்ல. அதான் கணக்கு இப்படி வருது," என்று சொல்லிவிட்டேன்.

சுரேஷ் என்னைப் பார்த்தான். சுஷ்மா பேனாவை மூடினாள், லேப்டாப்பை மூடினாள், எழுந்து சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே, "மாவா, ஊட்டக்கே பன்னி," என்று கன்னடத்தில் சாப்பிடக் கூப்பிட்டாள். குரலில் மரியாதை குறையவில்லை. ஆனால் என்னிடம் அவள் கன்னடத்தில் பேசினால் மனம் விட்டுப்போனது என்று அர்த்தம். அதிலிருந்து இரண்டு வாரம் எனக்குக் கன்னடம்தான் பரிமாறப்பட்டது.

6

அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பீன்யாவில் டீக் கடையில் பிரித்துப் பார்ப்பேன். மேலிருந்து கீழே படித்தால் ஜெயித்துவிட்டேன். இடமிருந்து வலமாகப் படித்தால் தோற்றுவிட்டேன். ஒரே தாள். சிவாஜிநகரில் துணிக்கடை வைத்திருக்கும் நண்பரிடம் காட்டினேன். அவர் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, எப்படிப் பார்த்தாலும் ஐம்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிறாயே, அதைப் பார் என்று அனுப்பிவிட்டார்.

புரிந்தது பட்டறையில்தான். என் சதவீதம் பிறந்த இடம் அதுதானே.

எங்களிடம் பெரிய பிரஸ் ஒன்று, சின்ன பிரஸ் ஒன்று. ஷிப்ட் முடியும்போது இரண்டிலும் விழுந்த கழிவு பீஸ்களை ஒரே தொட்டியில் கொட்டுவார்கள், நான் கிளறிப் பார்ப்பேன். அன்று கிளறிவிட்டுச் சின்ன பிரஸ் ஓட்டும் பெண்ணை இரண்டு வார்த்தை சத்தம் போட்டேன். அவள் சும்மா இருக்கிற ஆள் இல்லை.

"தொட்டியப் பாருங்கண்ணே. முக்காலும் பெரிய பிரஸ் பீஸ். திட்டு மட்டும் எனக்கா? நான் என்ன இளிச்சவாச்சியா?"

எத்தனையோ பேருக்குச் சொன்ன பதில் என் வாயில் தயாராக இருந்தது. "அது நாள் பூரா அடிக்குது, அதனால தொட்டியில அதோட பீஸ்தான் அதிகம் கெடக்கும். நீ அடிச்சதே ரெண்டு கூடை, அதுல பாதி குப்பை. தொட்டியில யாரு ஜாஸ்தின்னு பாக்கக் கூடாது. அவங்கவங்க அடிச்சதுல எத்தன போச்சுன்னு…"

அங்கேயே நின்றுவிட்டேன். அவள், நான் இன்னும் திட்டப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். நான் அவளைத் திட்டவில்லை. சாக்பீஸை எடுத்து பிரஸ் மேஜையின் மீதே எழுதினேன். தமிழர் பெரிய பிரஸ், நாற்பது. கன்னடக்காரர் சின்ன பிரஸ், பத்து. ‘வருவேன்’ தொட்டியில் தமிழர் அதிகமாகத்தான் கிடப்பார்கள், ‘வரமாட்டேன்’ தொட்டியிலும் அவர்கள்தான் அதிகமாகக் கிடப்பார்கள். ஏனென்றால் பட்டறையிலேயே அவர்கள்தான் அதிகம். அவங்கவங்க கூடையைப் பார்த்தால் நாற்பதுக்குப் பதினாலு. பத்துக்கு ஆறு.

பத்துக்கு ஆறு என்றால் அறுபது சதவீதம். பெயர்ப்பலகை அறுபது மறுபடி வந்து நின்றது. என் கூடத் தமிழ்நாட்டுக்கு வரத் தமிழரில் முப்பத்தைந்து சதவீதம் தயார், கன்னடக்காரரில் அறுபது சதவீதம் தயார். ஒரு குழப்பம் தீர்ந்த இடத்தில் அதைவிடப் பெரிய குழப்பம் உட்கார்ந்துகொண்டது.

முனுசாமியைக் கூப்பிட்டேன். போளூரில் ஒரே பஸ் ஏறி என்னோடு வந்தவன். பட்டறையில் நான் கேட்காமல் விட்டதெல்லாம் அவனுக்குத் தெரியும். மேஜையில் சாக்பீஸ் எழுத்தைப் பார்த்ததும் என்ன விஷயம் என்று புரிந்துகொண்டான்.

"அந்த ஆறு பேரும் வடக்க ராய்ச்சூர், கல்புர்கி பசங்கண்ணே," என்றான். "ஒரு ரூம்ல கும்பலா கெடக்கறானுங்க. பீன்யா ஆனா என்ன, ஓசூர் ஆனா என்ன, அவனுங்களுக்கு ரெண்டுமே வெளியூரு. நாம வந்தப்ப இருந்த மாதிரி."

வருகிறேன் என்ற தமிழர் பதினாலு பேரைப் பற்றியும் சொன்னான். பெரும்பாலும் ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளிப் பக்கம் குடியிருப்பவர்களாம். இப்போது ஊரின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வருகிறார்கள். ஓசூர் என்றால் வீட்டு வாசலில் ஏறி ஒரே பஸ்ஸில் போய்விடலாம். எனக்காகவா வருகிறார்கள் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

கேட்டது வேறு. "நீ எந்தக் கட்டத்துல?"

"பேரு எழுத வேணாம்னு போட்டிருந்தீங்களேண்ணே."

"நான் கேக்கறேன்."

அவன் கையில் இருந்த பனியன் துணியால் மேஜையின் ஓரத்தைத் துடைத்தான். எழுத்து இருந்த இடத்தைத் தொடவில்லை.

"வரல," என்றான். "என் பொண்ணு இங்க கவர்மென்ட் ஸ்கூல்ல கன்னட டீச்சரு. அவ ஸ்கூலுக்குப் பக்கத்துல தானே வீடு கட்னேன். இனிமே எந்த ஊருக்குண்ணே நான் புதுசாப் போறது?"

தமிழ் மேஸ்திரி மகள் கன்னடத்துப் பிள்ளைகளுக்குக் கன்னட இலக்கணம் சொல்லித் தருகிறாள். அவள் டிரெயினிங் முடித்தபோது பட்டறையில் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்ததே நான்தான். அது எனக்கு அந்த நிமிஷம் வரை இந்தத் தாளோடு சம்பந்தப்பட்டதாகத் தோன்றவில்லை.

"நீ என் பின்னால வந்தவன்டா," என்றேன்.

"வந்தேனே. போளூர்ல இருந்து இங்க வந்தேன். அதுக்கு என்னை ஒரு தடவை எண்ணிட்டீங்க. திரும்பத் திரும்ப எண்ணலாமாண்ணே?"

7

அன்று வீட்டுக்குப் போனதும் சுஷ்மாவிடம் ஒரு வேலை சொன்னேன். தாய்மொழியை எடுத்துவிட்டு, குடியிருக்கும் இடத்தை வைத்து அட்டவணை போட்டுக் காட்டு என்றேன். நான் வெட்டிக் கேள்வி என்று சொன்னேனே, அதை. அவள் லேப்டாப்பைத் திறந்து போட்டாள். ஓசூர் ரோடுப் பக்கம் இருப்பவர்கள் பதினாறு பேர், அதில் பதின்மூன்று பேர் வருகிறார்கள். மற்றப் பக்கத்தில் இருப்பவர்கள் முப்பத்துநாலு பேர், அதில் ஏழு பேர்தான்.

இந்த முறை நான் மேலிருந்து கீழே படிக்கவில்லை. ஒரு கையால் கீழ் வரிசையை மூடிக்கொண்டு மேல் வரிசையை மட்டும் படித்தேன். பிறகு மேல் வரிசையை மூடிக்கொண்டு கீழ் வரிசையை. கையை எடுத்தால் மறுபடி குழம்புகிறது. கையை வைத்தால் புரிகிறது.

"மொழி இல்லம்மா, பஸ்ஸுதான்," என்றேன்.

"பஸ்ஸும்தான் மாவா," என்றாள். தமிழில் சொன்னாள். ஒரு கேள்வியை வைத்து எல்லாவற்றையும் முடிவு கட்டக் கூடாது என்றும் தமிழிலேயே சொன்னாள். அது எனக்குப் புரியவில்லை, ஆனால் தலையாட்டினேன். அவள் தமிழில் சொன்னதற்காக ஆட்டினேன்.

என் மனைவி பாக்கியம் கீரை ஆய்ந்துகொண்டே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். காலையில் பார்க்கில் கன்னடத்துப் பெண்களோடு நடந்து, அவர்களோடு சீட்டு போட்டு, அவர்கள் வீட்டு விசேஷங்களில் இவளே முன்னால் நின்று பந்தி கவனிக்கிறவள். என்னைவிட நல்ல கன்னடம் பேசுவாள். இதை நான் ஒத்துக்கொண்டு எழுதுவது இதுவே முதல் தடவை.

"அம்பது பேரக் கேட்டீங்க," என்றாள். "என்னை எந்தக் கட்டத்துல போட்டீங்க?"

"நீ எங்கூட வருவ."

"யாரு சொன்னா?"

கீரைத் தண்டுகளை என் பக்கம் தள்ளினாள், ஆய்ந்து கொடுத்தேன்.

8

ஆயுத பூஜையன்று பட்டறையைப் பார்க்க வேண்டும். பிரஸ் இரண்டுக்கும் வாழைக்கன்று கட்டி, சந்தனம் தடவி, டை ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்து, தரையில் மாக்கோலம். தட்டுத் தட்டாகப் பொரி கடலை, இங்கே கடலேபுரி என்பார்கள். கழிவுத் தொட்டிக்குக்கூடச் சின்ன பிரஸ் பெண் ஒரு மாலை போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "அதுவும் நாள் பூரா உழைக்குதுண்ணே," என்றாள்.

பூசணிக்காயைக் கையில் எடுத்ததும் ஐம்பது பேரும் அமைதியானார்கள். சேதி வரும் நேரம் அதுதான் என்று எல்லாருக்கும் தெரியும். ஓசூர்ப் பேச்சு ஏற்கெனவே பரவியிருந்தது. முனுசாமி என்னைப் பார்க்காமல் கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். புரோக்கர் காலையிலேயே இரண்டு தடவை போன் செய்திருந்தார்.

ஒரே வாக்கியத்தில் சொன்னேன். அடுத்த வருஷப் பூஜையும் இதே ஷெட்டில்தான். அதை முதலில் கன்னடத்தில் சொன்னேன், பிறகு தமிழில். கன்னடத்தில் தப்பு இருந்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை. சிலர் முகம் தெளிந்தது, பொம்மனஹள்ளிக்காரர்கள் முகம் வாடியது. அவர்கள் ஏறி வர ஒரு வேன் பார்க்கலாம் என்று சுரேஷிடம் சொல்லியிருக்கிறேன். ராய்ச்சூர்ப் பையன்களுக்கு எதுவும் மாறவில்லை. அவர்கள் இரண்டாம் தட்டுப் பொரிக்குப் போய்விட்டார்கள். பூசணிக்காய் நன்றாக உடைந்தது. நான் உடைத்தால் எப்போதும் நன்றாகத்தான் உடையும்.

பிறகு ஆபீஸில் வந்து உட்கார்ந்தேன். இரண்டு சேரில் ஒன்றில் நான், ஒன்றில் சுஷ்மா. பேத்தி மேஜை மேல் உட்கார்ந்து பொரியில் இருந்த கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தது.

"அந்தக் கேள்வித் தாளை மறுபடி தெறம்மா," என்றேன். "எல்லாரையும் கேட்டோம், என்னைக் கேக்கலியே. நானும் இங்க வேலை பாக்கறவன்தான்."

அவள் போனில் திறந்து என்னிடம் தந்தாள். தாய்மொழி, தமிழ். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. குடியிருக்கும் இடம், பீன்யாப் பக்கம். மூன்றாவது கேள்விக்கு விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பெயர் கேட்காததன் அருமை அப்போதுதான் தெரிந்தது. வரமாட்டேன் என்பதைத் தொட்டேன்.

"இப்ப என்ன ஆச்சுன்னு சொல்லு."

அவள் அட்டவணையைத் திருப்பினாள். தமிழர் நாற்பது நாற்பத்தொன்று ஆகியிருந்தது. தமிழரில் வருகிறவர்கள் முப்பத்தைந்து சதவீதம் முப்பத்துநாலுக்கு இறங்கிவிட்டது. மொத்தப் பட்டறையில் இருபத்தெட்டு, இருபத்தேழு ஆகிவிட்டது. ஒற்றை ஆள், இரண்டு கணக்கிலும் ஒவ்வொரு படி இறக்கிவிட்டேன். எனக்கு அதில் ஒரு பெருமை வந்தது, மறைப்பானேன்.

"அந்த எழுபது?"

"அது அப்படியேதான் இருக்கு மாவா. வருவேன்னு சொன்னவங்க அதே இருபது பேர், அதுல தமிழ் அதே பதினாலு."

நான் போனை வாங்கி மேலிருந்து கீழே படித்தேன், இடமிருந்து வலமாகப் படித்தேன், கையால் மூடியும் படித்தேன். பங்காளி மைக்கில் சொன்ன எழுபது, நீங்கள் எல்லாரும் கை தட்டிய எழுபது, நானே வரமாட்டேன் என்று சொன்ன பிறகும் கொஞ்சம்கூட அசையாமல் அங்கேயே இருந்தது.

பேத்தி நிமிர்ந்து, சாப்பிட்டாச்சா என்று கன்னடத்தில் கேட்டது. இன்னும் இல்லை என்று தமிழில் சொன்னேன். அது தன் கையில் இருந்த பொரியை என் கையில் கொட்டியது. கடலை ஒன்றுகூட மிச்சம் இல்லை.